அப்பா விட்டுச் சென்ற ஸ்பீட்ஸ்டர் நகல்: கட்டியவரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

கேள்வி: சாட்ஸ்வொர்த் மகள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பா சென்ற ஆண்டு காலமானார். அவர் 1978இல் இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒருவரிடம் வாங்கிய, இருவர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரையில்லாத சிறிய வெள்ளை கார் ஒன்று எங்கள் வீட்டுக் கொட்டகையில் இன்னும் நிற்கிறது. பார்ப்பவர்கள் போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் என்று வியப்பார்கள். அப்பா உடனே, "போர்ஷே இல்லை, யாரோ கையால் கட்டியது" என்று திருத்துவார். காந்தத்தை வைத்துப் பார்த்தேன்; உடம்பில் எங்கும் ஒட்டவில்லை, முழுவதும் ஃபைபர் கிளாஸ். இயந்திரம் பின்புறம் இருக்கிறது, ஒலி ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் ஒலிதான். செய்தவர் பெயர் பொறித்த தகடு எங்கும் இல்லை. இடது கதவு மட்டும் என் சிறு வயதிலிருந்தே சரியாகப் பொருந்தாது; அந்தப் பக்கம் உட்காரும் அம்மா கதவைச் சற்றுத் தூக்கித்தான் மூடுவார்.

கட்டியவர் யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். இது கேப் டவுனில் செய்த டார்ட் என்பது பெரியப்பாவின் முடிவு. பைன்டவுனில் செய்த பர்கின் என்பது பக்கத்து வீட்டு அண்ணனின் முடிவு. ராய் ஹெஸ்கெத் பந்தயத் தடத்தில் ஓடிய வண்டி என்று விற்றவர் அப்பாவிடம் சொன்னாராம். பதிவுச் சான்றிலோ ஃபோக்ஸ்வாகன், 1965 என்று மட்டும் இருக்கிறது. தம்பி விற்றுவிடலாம் என்கிறான், எனக்கு மனம் வரவில்லை. விற்றாலும் வைத்துக்கொண்டாலும், 40 ஆண்டு அப்பா துடைத்துத் துடைத்துக் காத்த ஒரு பொருளைச் செய்த கை யாருடையது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பழைய மெக்கானிக், பீனிக்ஸ்

தங்கைக்கு வணக்கம். அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தம். நான் எம். எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, 40 ஆண்டுகளுக்கு மேல் பீட்டில் இயந்திரங்களோடு வாழ்ந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். கையால் கட்டிய காருக்கு மூலம் பார்க்கலாம். ஆனால் அதற்கு மூலம் ஒன்றல்ல. அடித்தளத்துக்கு ஒரு பிறப்பு, இயந்திரத்துக்கு ஒரு பிறப்பு, உடம்புக்கு ஒரு பிறப்பு, இவை மூன்றையும் ஒருவர் சேர்த்த நாள் நான்காவது பிறப்பு. உங்கள் சான்றில் உள்ள 1965 முதலாவதை மட்டும் சொல்கிறது. நீங்கள் தேடுவது மூன்றாவதையும் நான்காவதையும். இந்த வேறுபாட்டை மறந்ததால்தான் ஒரே காருக்கு வீட்டில் நான்கு கதைகள் உலவுகின்றன.

முதலில் இரண்டு கதைகளைக் கழித்துவிடுவோம். டார்ட் நம் நாடு பெருமைப்பட வேண்டிய கார். பாப் வான் நீகெர்க்கும் வில்லி மைஸ்னரும் இங்கிலாந்துக்குப் போய் ஃபைபர் கிளாஸ் தொழிலைக் கற்று வந்து, வெர்ஸ்டர் டி விட் வரைந்த வடிவத்தில், 1958இல் கேப் டவுனின் பார்டன் ஐலண்ட் பகுதியில் ஜிஎஸ்எம் என்ற பெயரில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். அது எந்தக் காரின் நகலும் அல்ல. அதன் ஃபோர்டு இயந்திரம் முன்புறம் இருக்கும். உங்கள் காரின் இயந்திரம் பின்புறம் இருப்பதால் பெரியப்பா தவறாக நினைத்திருக்கிறார். பர்கின் நிறுவனமோ 1982இல் தொடங்கியது, செய்ததும் லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் காரின் நகல். 1978இல் அப்பா வாங்கிய வண்டி அங்கே பிறந்திருக்க வழியில்லை.

இனி அடித்தளம். உண்மையான ஸ்பீட்ஸ்டர் 1954 முதல் 1958 வரை எஃகு உடம்போடு செய்யப்பட்டது. போர்ஷே 356 வரிசையே ஃபோக்ஸ்வாகன் உறுப்புகளை வைத்துத் தொடங்கியது என்பதால், நகல் செய்பவர்கள் பீட்டிலின் அடித்தளமான தரைத் தட்டைத் தேடிப் போனது இயல்பு. நம் நாட்டில் அதற்குப் பஞ்சமும் இல்லை. ஃபோக்ஸ்வாகனின் உய்டென்ஹேக் ஆலையில் 1951 முதல் 1979 வரை பீட்டில்களைப் பூட்டி இறக்கினார்கள். சிக்கல் நீளத்தில்தான். பீட்டிலின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,400 மி.மீ., போர்ஷே 356க்கு 2,100 மி.மீ. ஆகவே தட்டைக் குறுக்கே அறுத்து, ஏறத்தாழ ஒரு அடி நீளத்தை எடுத்துவிட்டு, மீண்டும் வெல்டிங் செய்ய வேண்டும். தட்டின் நடுவே நீளவாக்கில் குழாய் போல ஓடும் சுரங்கத்தையும் அதனுள்ளே போகும் கியர்த் தண்டையும் அதே அளவு குறைக்க வேண்டும். இதை நேராகச் செய்யத் தெரியாதவர் கட்டிய கார் சாலையில் நண்டு போலச் சாய்ந்து நடக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சக்கரத்தின் நடுவிலிருந்து நடுவுக்கு இரு பக்கமும் அளந்து பாருங்கள். 2,030 மி.மீ. அளவில் வந்தால், அந்தத் தட்டு முதலில் கடற்கரை பகி எனப்படும், மணலில் ஓட்டும் சிறிய திறந்த வண்டிக்காக அறுக்கப்பட்டிருக்கலாம்; கலிபோர்னியாவில் 1964இல் புரூஸ் மேயர்ஸ் தொடங்கிவைத்த அந்த வகைக்கு 14½ அங்குலம் எடுப்பார்கள். 2,100 அருகே வந்தால், இந்த உடம்புக்காகவே அளந்து அறுத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அடுத்து, இருக்கைகளுக்குப் பின்னால் விரிப்பைத் தூக்கினால், சுரங்கத்தின் மேல் அடித்தள எண் குத்தப்பட்டிருக்கும். ஒன்பது இலக்கமாக இருந்தால் மூன்றாவது இலக்கம் மாதிரி ஆண்டைக் காட்டும். அது ஜனவரியில் அல்ல, முந்தைய ஆகஸ்டில் தொடங்கும் ஆண்டு.

ஒன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். அந்த எண்ணைத் தெளிவாக்க கிரைண்டரோ உப்புத்தாளோ பயன்படுத்த வேண்டாம். பெயிண்ட் நீக்கும் திரவமும் மென்மையான தூரிகையும் போதும். எண் தேய்ந்தால் நாளை காவல்துறைச் சான்று பெறுவதில் பெரும் துன்பம் வரும், எண்ணைத் திருத்தியதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பதில்: பிசின் கை, மெரிபேங்க்

அக்கா, வணக்கம். நான் டர்பனில் படகு செய்யும் பட்டறைகளில் 22 ஆண்டு ஃபைபர் கிளாஸ் போட்டவன். அடித்தளத்தை அண்ணன் சொல்லிவிட்டார், உடம்பைப் பற்றி நான் சொல்கிறேன். இந்த மாதிரி வண்டியில் வெளிப்புறத்தைப் பார்த்து ஒன்றும் அறிய முடியாது, உட்புறம்தான் பேசும்.

ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில், மட்கார்டுகளுக்குள்ளே, முன் மூடியின் அடிப்புறத்தில் பாருங்கள். உள்ளே கண்ணாடி இழை தெரிந்து, வெளியே வழுவழுப்பாக இருந்து, எங்காவது மெல்லிய முடி போன்ற கோடு நேராக ஓடினால், உடம்பு அச்சுக்குள் போட்டு எடுக்கப்பட்டது என்று பொருள். அந்தக் கோடு அச்சின் இரண்டு துண்டுகள் சேர்ந்த இடம். அச்சு செய்வது உடம்பு செய்வதைவிடப் பல மடங்கு வேலை. ஒரே ஒரு காருக்காக யாரும் அத்தனை பாடுபடுவது அரிது. அச்சு இருந்தால் உங்கள் காருக்கு எங்கோ உடன்பிறப்புகளும் இருக்கும், அவற்றைத் தேடுவது தனி மனிதரைத் தேடுவதைவிட எளிது.

விளிம்புகளைத் தடவிப் பாருங்கள். பாலியெஸ்டர் பிசின் இறுகும்போது சற்றுச் சுருங்கும். உண்மையான காரின் மேல் எடுத்த அச்சில் வந்த உடம்பில் விளிம்புகள் கூர்மையாக இருக்கும். நகலின் மேல் மறுபடி அச்செடுத்தால் விளிம்பு மழுங்கும், அளவும் கொஞ்சம் குறையும்.

இன்னொன்று, உடம்பு தொய்யாமல் இருக்க உட்புறத்தில் விலா எலும்பு போல மேடுகள் போடுவோம். அந்த மேட்டுக்குள் வைக்க அட்டைக் குழாயோ கயிறோ சுருட்டிய செய்தித்தாளோ கைக்குக் கிடைத்ததை வைத்து, மேலே இழையும் பிசினும் பூசிவிடுவோம். எங்காவது விலா உடைந்திருந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள்.

பந்தயக் கதையையும் சோதிக்கலாம். ராய் ஹெஸ்கெத் தடம் 1953 முதல் 1981 வரை இயங்கியது, ஆகவே காலம் முரண்படவில்லை. ஆனால் பந்தயத்தில் ஓடிய வண்டியில் பாதுகாப்புக் கம்பி பூட்டிய துளைகள், அவற்றை அடைத்த ஒட்டு, கதவில் எண் வட்டம் எழுதிய நிழல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மிஞ்சும். மறைவான ஓரிடத்தில் பெயிண்டை நாணயம் அளவுக்குச் சாய்வாகத் தேய்த்தால் மரத்தின் வளையங்கள் போல ஒவ்வொரு நிறமும் தெரியும்.

தகடு இல்லையே என்று வருந்தாதீர்கள். 1950இன் குழுப் பகுதிச் சட்டம் நம் மக்கள் எங்கே குடியிருக்கலாம், எங்கே தொழில் நடத்தலாம் என்று கட்டம் போட்டுப் பிரித்த காலம் அது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அருமையான வேலை செய்தவர்கள் பெயர்ப்பலகை வைக்கவில்லை, வைக்கவும் முடியவில்லை. தகடில்லாத நல்ல வேலையைப் பார்த்தால், எனக்கு முதலில் அவர்கள் நினைவுதான் வரும்.

சாட்ஸ்வொர்த் மகள்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தம்பியும் நானும் கொட்டகையிலேயே இருந்தோம். விற்கலாம் என்றவன்தான் இப்போது டார்ச்சைக் கீழே வைக்க மறுக்கிறான்.

முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே வலப்பக்கம் 2,104, இடப்பக்கம் 2,103 மி.மீ. அடித்தள எண்ணில் ஒன்பது இலக்கங்கள், தொடக்கம் 115. இயந்திர எண் எச் என்ற எழுத்தில் தொடங்குகிறது. அறுத்த இடத்தில் வெல்டிங் அகலமாக, மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கிறது. முன் மட்கார்டின் மேல் மெல்லிய கோடு நேராக ஓடுகிறது. பெயிண்டில் வெள்ளைக்கு அடியில் சிவப்பு, அதற்கடியில் மீண்டும் வெள்ளை, அதோடு முடிகிறது. பந்தயத் துளைகளோ ஒட்டுகளோ தென்படவில்லை.

இரண்டு செய்திகளை எழுதும்போது கை நடுங்குகிறது. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு விலா விரிசல் விட்டிருந்தது. உள்ளே சுருட்டிய ஆங்கிலச் செய்தித்தாள். பக்கத்தின் தலைப்பில் ஏப்ரல் 1973 என்பது மட்டும் படிக்க முடிகிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி, பிசினுக்குள்ளே புதைந்த மெல்லிய தாளில் 'உ' என்று மையால் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே எல்லாம் கறுப்புப் பெயிண்ட். அது பிள்ளையார் சுழியா? கட்டியவர் தமிழர்தானா?

பதில்: மாரிட்ஸ்பர்க் வாசகர்

சகோதரிக்கு வணக்கம். ஆவணங்களைத் தேடிப் பழகியவன் என்ற முறையில், மகிழ்ச்சியோடு சில எச்சரிக்கைகளையும் சொல்ல விரும்புகிறேன்.

செய்தித்தாளின் நாள் காரின் நாள் அல்ல. அந்த விலா ஏப்ரல் 1973க்கு முன் போடப்படவில்லை என்பதை மட்டுமே அது உறுதிப்படுத்தும். பழைய தாளை எடுத்து இரண்டு ஆண்டு கழித்தும் பயன்படுத்தியிருக்கலாம். அப்பா வாங்கிய 1978 மறு எல்லை. விலாவும் உடம்பும் ஒரே சமயத்தில் போடப்பட்டவையா என்பதையும் பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் பழுதுபார்த்த நாளைப் பிறந்த நாள் என்று எண்ணிவிடுவோம்.

'உ' என்பதிலும் பொறுமை வேண்டும். தமிழ் எண்களில் இரண்டின் வடிவமும் அதுவே என்பதால், அது இரண்டாவது உடம்பு என்ற குறியாகவும் இருக்கலாம். ஆனால் நம் ஊரில் தமிழ் எண்களை எழுதுபவர்கள் அன்றும் மிகக் குறைவு. திருமண அழைப்பிதழிலும் கணக்கு நோட்டிலும் சுழி போடாதவர்களோ அதைவிடக் குறைவு. எழுத்துக்கு அடியில் இரண்டு சிறு கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது சுழியேதான். சுழி என்பது எழுத்தின் தலையில் வருவது, அது தனியாக நிற்காது. அதற்குக் கீழே ஏதோ எழுதப்பட்டிருக்க வேண்டும், அந்தக் கறுப்புப் பெயிண்டுக்கு அடியில்.

வெளியே தேட இரண்டு இடங்கள் சொல்கிறேன். வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்தில் நம் சமூகத்தைப் பற்றிய பழைய தாள்களும் படங்களும் உள்ளன. 'லீடர்', 'கிராஃபிக்' போன்ற இந்திய வார இதழ்களின் 1973 முதல் 1978 வரையிலான சிறு விளம்பரங்களை அங்கே கேட்டுப் பாருங்கள். 1957 முதல் வரும் 'கார்' மாத இதழின் அதே ஆண்டுகளின் விற்பனைப் பக்கங்களும் பயன்படும். அப்பாவின் பழைய தாள்களில் காப்பீட்டுச் சீட்டோ விற்பனை ரசீதோ இருந்தால், முந்தைய உரிமையாளரின் ஊரையும் பழைய வண்டி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணின் தொடக்க எழுத்துகள் என்டி என்றால் டர்பன், என்பி என்றால் எங்கள் ஊர்.

பதில்: பிசின் கை, மெரிபேங்க்

ஐயா சொன்னது சரி. விலாவின் உடைந்த ஓரத்தையும், உடம்பில் பெயிண்ட் படாத ஓர் உட்பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பீப்பாய்ப் பிசின் என்றால் வயதாகும்போது நிறமும் ஒன்றாகவே மாறும். வேறு நாளில் வேறு பிசினில் போட்ட ஒட்டு தேன் நிறமாகவோ பச்சையாகவோ தனித்துத் தெரியும்.

தாளைப் பிசினுக்குள் வைப்பது எங்கள் வழக்கம்தான். பிசின் ஊறியதும் தாள் கண்ணாடி போல ஆகி, மை மட்டும் நிற்கும். பின்னால் யாரும் வந்து அதை எழுதியிருக்க முடியாது. கறுப்புப் பெயிண்டை எடுக்கத் திரவம் எதுவும் ஊற்ற வேண்டாம், அது பிசினையும் தின்றுவிடும். மிக நயமான ஈர உப்புத்தாளால், தண்ணீர் விட்டு விட்டு, பெயிண்ட் போகும் வரை மட்டும் தேயுங்கள்.

சாட்ஸ்வொர்த் மகள்

விலாவும் உடம்பும் ஒரே மங்கிய பச்சை. உ எழுத்துக்குக் கீழே இரண்டு கோடுகள் இருக்கின்றன. தம்பி மூன்று மாலை உட்கார்ந்து தேய்த்தான். சுழிக்கு அடியில் தமிழில் ஒரே வரி வெளிப்பட்டது:

"3. இடது கதவு மாற்றவும்."

அதைப் படித்ததும் அம்மாவை அழைத்துக் காட்டினேன். அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை; பிறகு போய் இடது கதவை, எப்போதும் போலத் தூக்கி, மூடிவிட்டு வந்தார். கதவின் உட்புறத்தைப் பார்த்தேன். அதுவும் அதே மங்கிய பச்சை. மாற்றச் சொன்ன கதவை யாரும் மாற்றவே இல்லை.

அப்பாவின் தாள்களில் ரசீது கிடைத்தது. விற்றவர் பெயர் கிழிந்திருக்கிறது, வண்டி எண் என்டி என்று தொடங்குகிறது. மாரிட்ஸ்பர்க்கில் வாங்கினாலும், வண்டி அதற்கு முன் டர்பனில் இருந்திருக்கிறது.

பதில்: பழைய மெக்கானிக், பீனிக்ஸ்

தங்கையே, இந்த ஒரு வரி ஒரு தகட்டைவிட அதிகம் சொல்கிறது. எழுதியவருக்குத் தமிழ் தெரியும் என்பது மட்டுமல்ல, அதைப் படித்து வேலை செய்ய வேண்டியவருக்கும் தமிழ் தெரியும். ஆகவே இது ஒருவர் தனியாகச் செய்த வேலை அல்ல, குறைந்தது இருவர் இருந்த பட்டறை. 3 என்பது வரிசை எண் என்றால் முன்னே இரண்டு உடம்புகள் வெளியே போயிருக்கின்றன. 2,104க்கும் 2,103க்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபாடு. வாயு வெல்டிங்கில், சூட்டில் தட்டு வளையாமல் அப்படிச் சேர்த்தவர், கார் உடம்பின் தகடுகளைத் தட்டிச் சீராக்கும் தேர்ந்த பேனல் பீட்டராகத்தான் இருக்க வேண்டும். எச் எழுத்து இயந்திரம் 1500 சி.சி., 1966 ஆகஸ்டுக்குப் பிறகு வந்தது. 1965 தட்டுக்கு உரியதல்ல. பீட்டில் இயந்திரத்தை நான்கு போல்ட்டில் இறக்கி ஏற்றலாம் என்பதால் அதை வைத்து நாள் கணிக்க நான் துணியமாட்டேன்.

இனித் தேட வேண்டியது டர்பன் பக்கத்தில், 1973க்கும் 1978க்கும் இடையில், வீட்டுக்குப் பின்னால் நடந்த ஒரு தமிழ்ப் பட்டறையை. கிளேர்வுட், மெரிபேங்க், ஓவர்போர்ட் பக்கங்களில் அந்தக் காலத்தில் பேனல் பீட்டராக இருந்தவர்களில் எனக்குத் தெரிந்து நான்கைந்து பேர் இன்னும் இருக்கிறார்கள். பெயர்களை இங்கே எழுதுவது முறையல்ல, நானே நேரில் போய்க் கேட்கிறேன். கையெழுத்தை அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள். முகத்தை மறந்தவர்கள்கூடத் தங்கள் முதலாளியின் எழுத்தை மறப்பதில்லை.

வெருலம் ஊரில் என் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் தோட்டத்தில், சக்கரங்கள் இல்லாமல், இதே வடிவ உடம்பு ஒன்று கிடந்ததைப் பல ஆண்டுகளுக்கு முன் பார்த்த நினைவு. அவர் மகனிடம் பேசினேன், இன்னும் அங்கேதான் இருக்கிறதாம். அடுத்த சனிக்கிழமை காலை மெரிபேங்க் தம்பியும் நானும் போகிறோம். விருப்பமானால் நீங்களும் உங்கள் தம்பியும் வாருங்கள், ஒரு டார்ச்சும் அளவு நாடாவும் இருந்தால் போதும். டாஷ்போர்டுக்கு அடியில்தான் முதலில் பார்ப்போம்.

அதுவரை உங்கள் காரின் இடது கதவைக் கழற்றவோ சரிசெய்யவோ வேண்டாம். அதன் இடைவெளியை மேலிருந்து கீழ்வரை நான்கு இடத்தில் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள்.